ஒரே மூட்டையில் நான்கு

டோக்கியோ, 9 ஜூன் 1960

அன்புள்ள தட்சுவோ அண்ணாவுக்கு,

உலர்மீன் வந்தது. உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

சீதபேதிக் காலம் என்று உங்கள் மருத்துவமனையில் நோயில்லாதவர்களுக்கும் டெட்ராசைக்ளின் மாத்திரை கொடுக்கிறீர்களாமே. நிறுத்துங்கள். டெட்ராசைக்ளினோடு சேர்த்துச் சீதபேதிக்குக் கொடுக்கிற நான்கு மருந்துக்கும் அசையாத சாதாரணக் குடல் கிருமியையும், நான்கிலும் சாகிற சீதபேதிக் கிருமியையும் என் ஆய்வகத்தில் ஒரே சோதனைக் குழாயில் வளர்த்தேன். மறுநாள் சீதபேதிக் கிருமியிலும் ஒரு பகுதி எந்த மருந்துக்கும் சாகவில்லை. மருந்தை எதிர்க்கும் சக்தி என்பது பெற்ற பிள்ளைக்கு மட்டும் போகிற சொத்து இல்லை, அண்ணா. ஒட்டி நிற்கும் வேறு இனத்துக்கும் ஒரே மூட்டையாகக் கைமாறுகிறது.

உங்கள் தங்கை,
ஹருயே

நாகோகா, 15 ஜூன்

அன்புள்ள ஹருயேவுக்கு,

குழாயை ஒழுங்காகக் கழுவினாயா? கல்யாணம் ஆகியிருந்தால் இந்தச் சந்தேகமெல்லாம் உனக்கு வராது. என் மகளுக்கே தினமும் காலையில் மிசோ சூப்போடு ஒரு மாத்திரை கொடுக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அத்தைக்கு மாத்திரைன்னா பயமாப்பா?" என்று யொஷிமி சிரிக்கிறாள்.

அண்ணன்

நாகோகா, 2 ஜூலை

ஹருயே,

யொஷிமிக்கு நான்கு நாளாக ரத்தபேதி. மூன்று மருந்து மாற்றிவிட்டேன், நிற்கவில்லை. மல மாதிரி அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் பார்.

தட்சுவோ

டோக்கியோ, 5 ஜூலை

அண்ணாவுக்கு,

அவளுடைய சீதபேதிக் கிருமி நான்குக்கும் சாகவில்லை. அவளுடைய சொந்தக் குடல் கிருமியும் அப்படியே. நீங்கள் கொடுத்தது ஒரே மருந்து. அது மற்றதையெல்லாம் கொன்று, மூட்டை வைத்திருந்த கிருமிக்கு மட்டும் இடம் ஒதுக்கித் தந்தது. சீதபேதிக் கிருமி அதனிடம் மூட்டையை வாங்கிக்கொண்டது. எனக்கு வயிறு எரிகிறது. ஒன்பது வயதுக் குழந்தை. நான் குழாய் கழுவிய லட்சணத்தைப் பேச உங்களுக்கு வாய் இருந்தது.

புதிதாக வந்த ஐந்தாவது மருந்து கானமைசினில் சாகிறது. அதைக் கொடுங்கள், உப்புநீர் ஏற்றுங்கள். அவளுக்கு மட்டும். வேறு யாருக்கும் வேண்டாம், இதுவும் அந்த மூட்டையில் ஏறிவிடும். காலில் விழுந்து கேட்கிறேன்.

ஹருயே

நாகோகா, 14 ஜூலை

என் அருமைத் தங்கைக்கு,

யொஷிமி கஞ்சி குடிக்கிறாள். எழுந்து நடக்கிறாள். நீ தெய்வம். உன்னைக் கேலி செய்ததற்கு வெட்கப்படுகிறேன்.

இனி எந்தக் குழந்தைக்கும் இப்படி வரக் கூடாது. அதனால் அவள் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேருக்கும், செவிலியர் எல்லாருக்கும் இன்றிலிருந்து முன்னெச்சரிக்கையாகக் கானமைசின் கொடுக்கிறேன்.

அண்ணன்

டோக்கியோ, 17 ஜூலை

தட்சுவோ அவர்களுக்கு,

யொஷிமிக்கு என் முத்தம். அவளிடம் சொல்லுங்கள், ஆமாம், அத்தைக்குப் பயம்தான்.

இனி எனக்கு மாதிரி அனுப்பாதீர்கள். ஆறாவது மருந்து எது என்று கேட்டும் எழுதாதீர்கள். என்னிடம் இல்லை.

ஹருயே