குடைப்பாவாடையும் தகரப் புனலும்

அம்மாவுக்கு வணக்கம். முதுகுவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் இறங்க மாட்டேன் என்கிறது.

தகரத்தில் புனல் வெட்டும் கணக்குக்கு, வீடியோ காலில் நீ வட்டத் துணியிலிருந்து குடைப்பாவாடை வெட்டிக் காட்டினாயே, அந்த வீட்டுப்பாடத்துக்கு முட்டை மார்க்.

"இந்த வழி புக்லயே இல்ல. ஆன்லைன்ல யார்கிட்ட சுட்ட?" என்றார் வாத்தியார்.

"எங்க அம்மாகிட்ட சார், டெய்லர்."

சிரித்துவிட்டார் மனுஷன்!

பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு இன்ஜினியர் அப்பா கூடவே உட்கார்ந்து சொல்லித்தருகிறார். அது நல்ல வளர்ப்பாம். என் அம்மா தூரத்தில் இருந்தால் மட்டும் திருட்டாம். இது எந்த ஊர் நியாயம்?

அடுத்த கணக்கு இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. பேப்பரில் வெட்டித் தபாலில் அனுப்பு. தபால் ஆன்லைன் இல்லையே! போனில் இனிப் பாடம் வேண்டாம். கால் வரும்போது தையல் மிஷினை ஓட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு எவனும் மார்க் குறைக்க முடியாது.

மணி அடித்துவிட்டது.

உன் திருட்டுப்பயல்