மழையில் நனைந்த கீரை

1986 மே 4, ஞாயிறு. லாங்கன்தால், சுவிஸ்

வீட்டுச் சொந்தக்காரி ஃபிராவ் மோசர் தந்த துண்டு நிலத்தில் எங்கே எதை நடுவது என்று மத்தியானம் நானும் வசந்தியும் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். ஃபிராவ் மோசர் வந்து என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். ரஷ்யாவில் வெடித்த அணு உலையின் நஞ்சு மழையோடு இங்கும் இறங்கியிருக்கிறதாம். கர்ப்பிணிகள் தோட்டத்துக் கீரையைத் தொடக்கூடாதாம்.

வசந்திக்கு ஐந்தாம் மாதம். அந்த நிலத்தில் ஏற்கெனவே இருந்த பாத்தியில் வியாழக்கிழமை மழையில் நனைந்தபடி பிடுங்கிய கீரையைத்தான் மூன்று நாளாகச் சாப்பிடுகிறாள்.

"என்னவாம்?" என்று கேட்டாள்.

"தக்காளியை இப்ப வைக்க வேண்டாமாம். இன்னும் குளிர் இருக்காம்."

"அப்ப இரவைக்குக் கீரை பிடுங்கட்டோ?"

"நீர் இரும், நான் போறன்."

பாத்தி முழுவதையும் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டேன். நிமிர்ந்தபோது அவள் ஜன்னலில் நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை. இப்போதும் என் பக்கத்தில் தூங்காமல், வயிற்றில் கை வைத்தபடி படுத்திருக்கிறாள்.