உன் எடையில் ஒரு வண்டி

நைனா,

வண்டியின் முன் சக்கரத்து ரப்பர் பிய்ந்திருந்தது. இன்று காலை அதைத்தான் முதலில் பார்த்தேன். நீ போன பிறகு இன்றுதான் வண்டியைத் தொட்டேன். தண்ணீர் லாரி வந்திருந்தது. கேன்களை ஏற்றி வரலாமென்று, எப்போதும் தள்ளுகிற மாதிரியே தள்ளினேன். வண்டி என் கையை விட்டுத் தாவி எதிர்ச்சுவரில் முட்டியது. நீ உட்கார்ந்திருப்பதாகவே என் கை நினைத்திருக்கிறது.

ஏணியிலிருந்து விழுந்து உன் கால்கள் ஓய்ந்ததும், வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த பலகை வண்டி. அதைத் தள்ளத்தான் நான் ஒன்பதாவதோடு நின்றேன். பூட்டுகளுக்கு மாற்றுச்சாவி போடும் உன் தொழில் பெட்டியோடு உன்னை உட்காரவைத்து, காலடிப்பேட்டையிலிருந்து மார்க்கெட் வரைக்கும் போவோம். முதல் நாள் வண்டி அசையவே இல்லை. அசைந்த பிறகு நிற்கவும் இல்லை. "முன்னாடியே இழுத்துப் புடிமா. சொன்னவொடனே நிக்க இது இன்னா, நம்ம வூட்டு நாயா?" என்றாய்.

தெருவில் யாரோடும் பேசாத நான், கடைசியாகப் படித்த பாடத்தை உன்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டே தள்ளினேன். நிறை அதிகமான பொருள் மெதுவாகத்தான் வேகமெடுக்கும். சீக்கிரம் வேகமெடுக்க வேண்டுமென்றால் இன்னும் பலமாகத் தள்ளவேண்டும், இல்லையென்றால் நிறை குறையவேண்டும்.

"அப்போ அந்த நிறை நாந்தானா?" என்று சிரித்தாய்.

சில மாதங்களில் வண்டி சொன்னபடி கேட்டது. ரயில்வே கேட் மேட்டில்கூட எனக்கு மூச்சு வாங்கவில்லை. டீக்கடை அக்கா கேட்டார்: "இன்னா அண்ணாத்த, பொண்ணு ராக்கெட்டு வுட்டுகினு கீது?"

"எம்பொண்ணுக்கு ஹார்பர் கிரேன் கை," என்றாய். எனக்கு வெட்கம், பெருமை. உன் சட்டை காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. ஏன் இவ்வளவு தொளதொளவென்று இருக்கிறது என்று கேட்டேன். "கடல் காத்துமா," என்றாய்.

நான் பலமாகிவிட்டேன் என்றே நம்பினேன், நைனா. வண்டி வேகமெடுக்க இரண்டு காரணம் உண்டென்று உனக்குச் சொன்னவளே நான்தான். எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீ இரண்டையும் மறக்கவில்லை. தெரிந்தேதான் கிரேன் என்றிருக்கிறாய்.

ஆஸ்பத்திரியில் உன்னை எடை மிஷின்மேல் தாங்கிப் பிடித்திருந்தேன். "எத்தனை மாசமா இப்படி எளைச்சிட்டு வர்றாரு?" என்று டாக்டர் கேட்டார். என் கைக்குத் தெரியும். அதற்குப் பிறகு உன்னை இந்த வண்டியில் ஏற்றவே இல்லை.

இன்று லாரியில் பிடித்த கேனை நீ உட்காருகிற இடத்தில் வைத்துத் தள்ளினேன். ஓடியது. இரண்டாவதை வைத்தேன். அது வண்டியில் ஏறிய கடைசி வாரத்து நீ. மூன்றாவதை வைத்து, பக்கத்தில் ஒரு குடத்தையும் நிரப்பி வைத்தேன். வண்டி அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் தள்ளியதும் மெல்ல நகர்ந்தது. அது முதல் நாள் நீ.

தெருமுனை வருவதற்கு முன்பே இழுத்துப் பிடித்தேன்.