குறைச்சுருட்டும் ஒரு மேற்கோளும்

டொக்டர்,

இன்று காலை சுன்னாகம் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் போன் சிணுங்கியது. நீங்கள் உங்கள் கையாலேயே போட்டுத்தந்த அறிவித்தல்தான். நம் கட்டுரைகளை யாராவது தங்கள் ஆய்வில் மேற்கோள் காட்டினால் வருமே, அது. எப்போதும் அந்தப் பழைய கட்டுரைக்குத்தான் வரும், பார்த்துவிட்டு மூடிவிடுவேன். இன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாம் தரமும் வாசித்தேன். திருத்தத்துக்கு வந்திருந்தது. அந்தக் கட்டுரையின் பிழையைச் சொல்லி நாமே எழுதிய திருத்தத்துக்கு! நான் போட்ட சத்தத்தில் வெங்காயக்காரர் தராசைக் கைவிட்டுவிட்டார்.

"என்ன மிஸி, லொத்தர் விழுந்ததோ?"

"ஓம்!" என்றேன். தாதி வேலையை விட்டும் ஊருக்கு நான் மிஸிதான்; அவருக்கு வேறு என்னத்தைச் சொல்ல?

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய நாள் முதல் உங்கள் காலமெல்லாம் நுரையீரல் புற்றுநோயோடுதான் போனது. நெஞ்சுநோய் கிளினிக்கின் மூலை அறையில் இருந்து நீங்கள் எழுதியவை ஒரு அலுமாரித் தட்டை நிரப்பின. ஆனாலும் உலகம் உங்களை அறிந்தது ஒன்றே ஒன்றால்தான். புகைக்காத பெண்களுக்கு இந்த நோய் வரக் குசினியின் விறகுப் புகைதான் காரணம் என்ற கட்டுரை அது. எத்தனை நாடுகளில் அதை மேற்கோள் காட்டினார்கள், எத்தனை மாநாடுகளுக்குக் கூப்பிட்டார்கள்! வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிய தாதி நான் என்பதால் என் பெயரையும் அதில் போட்டீர்கள். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டித் திரிந்தேன்.

பிறகுதான் கரவெட்டிக்குப் போனோம். வெங்காயத் தோட்டக்காரி ஒருத்தியை மறுபடி பார்க்கப் போனபோது, பதிந்த குசினி வாசலில் உங்கள் தலை இடித்தது. கூரைக் கிடுகுக்குள் இருந்து ஏதோ உங்கள் தோளில் விழுந்தது. பாதி பிடித்து அணைத்துச் செருகிவைத்த சுருட்டு.

"உது என்னம்மா?"

"குறைச்சுருட்டு, ஐயா."

"புகைக்கிறேல்லை எண்டல்லோ மிஸியிட்டைச் சொன்னனீங்கள்?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "மகன் பக்கத்திலை நிக்கேக்கை நான் என்னெண்டு சொல்லுறது, பிள்ளை?"

என் அம்மாவும் குறைச்சுருட்டுப் பிடித்தவர்தான், டொக்டர். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கேள்வியை ஏதோ குற்றம் கேட்பதுபோல், வீட்டு ஆண்கள் நிற்க, அவசர அவசரமாகக் கேட்டு "இல்லை" என்று எழுதிக்கொண்டு ஓடிவந்தவளும் நான்தான். மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, பேசாமல் விட்டுவிடுவோம் என்று உங்களிடம் கெஞ்சினேன்.

"தெரிஞ்ச பிறகு என்னெண்டு பேசாமல் இருக்கிறது, மிஸி?" என்றீர்கள். அதற்கு மேல் ஒரு ஏச்சும் இல்லை.

அத்தனை வீடுகளுக்கும் திரும்பப் போனோம். இந்த முறை மகனைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, "குறையை எங்கையம்மா செருகி வைக்கிறனீங்கள்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டேன். கூரையையும் வேலியையும் காட்டினார்கள். குசினிப் புகையின் குற்றம் அழியவில்லை, ஆனால் நாம் சொன்ன அளவு இல்லை. அதை அப்படியே எழுதி, உங்கள் பெயரை உயர்த்திய கட்டுரையை நீங்களே திருத்தினீர்கள்.

ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிழை ஊர் ஊராகப் போனது, திருத்தம் நம்மோடேயே கிடந்தது. ஒவ்வொரு காலையும் கிளினிக் தொடங்கமுன் கணினியைத் திறந்து திருத்தத்துக்கு எத்தனை மேற்கோள் என்று பார்த்துவிட்டு, "மிஸி, இண்டைக்கும் பூச்சியம்தான்" என்பீர்கள். சிரிப்பீர்கள்தான். ஆனால் நான் எழுதிய அந்த "இல்லை" உங்களை எவ்வளவு தின்றது என்று எனக்குத் தெரியும். கடைசியாக வீட்டில் படுத்திருந்த உங்களைப் பார்க்க வந்த அன்றும் அதைத்தான் கேட்டீர்கள். "பூச்சியம்தான், டொக்டர்" என்றேன். "ஆராவது ஒருநாள் வாசிப்பினம்" என்று கண்ணை மூடினீர்கள். நீங்கள் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

வாசித்துவிட்டார்கள், டொக்டர்! நமக்கு முன்பின் தெரியாத ஏதோ ஒரு நாட்டு ஆய்வாளர்கள். அங்கேயும் பெண்கள் முதலில் "இல்லை" என்றுதான் சொன்னார்களாம். நம் திருத்தத்தை வாசித்துவிட்டு, ஆண்களை வெளியே அனுப்பி, நம் கேள்வியையே தங்கள் மொழியில் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சப் பேர் எழுந்து போய், ஒளித்துவைத்ததை எடுத்துவந்து காட்டினார்களாம். சந்தை நடுவில் நின்று அழுதேன். நல்லகாலம், வெங்காயத்தைச் சாட்டலாம்.

பழைய கட்டுரை இப்போது என் பையில் இல்லை. திருத்தம்தான் இருக்கிறது, மடிப்பில் கிழிந்துபோய். ஓய்வு பெற்ற பிறகும் நோயாளி வீட்டுக்குப் போனால், முதலில் மகனைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டுத்தான் கதைக்கிறேன். இன்று வீட்டுக்கு வந்ததும், நீங்கள் காலையில் கணினியைப் பார்த்துச் சொல்வதுபோல் நானே உரத்துச் சொன்னேன், கேட்க ஆளில்லாவிட்டாலும்.

"டொக்டர், இண்டைக்குப் பூச்சியம் இல்லை. ஒண்டு."