மாடித் தளத்துக்கு அண்ணி பிடித்த ஆள்

அண்ணி,

இன்று காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, நம் வீட்டுக் கொல்லைக் குழாய்க்கு வாஷர் மாற்ற யாரை அழைப்பது என்ற முடிவு எடுக்கப்பட்டது. பதினாறு நாள் ஆலோசனை நடந்தது. மூன்று பேரிடம் எழுத்து மூலம் விலை வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, அண்ணன் அதன் அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். நான் சாட்சிக் கையெழுத்து. பதினாறு நாளும் சொட்டிய தண்ணீரில் குழாயடியில் கீரை முளைத்து அறுவடைக்கு வந்துவிட்டது. பட்டியலில் அதற்கு இடமில்லை.

தேர்வானவர் வந்தார். குந்தி உட்கார்ந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எவன் சார் இந்த வேலைய பாத்தான்?" என்றார். தட்டிய இடத்தில் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை எழுந்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் பக்கத்தில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வணக்கம் சொல்வதில்லை. முன்னால் வந்தவனைத் திட்டுவதுதான் அவர்களுடைய வணக்கம். தச்சர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் எல்லோருக்கும் அதே முதல் வாக்கியம். கல்யாணமாகி செய்யூரிலிருந்து வந்த நீங்கள், இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வருஷமே அதைக் கவனித்துச் சொன்னீர்கள்: "தம்பி, இவுங்க சொல்றத பாத்தா இந்த வூட்ட யாருமே கட்டலபோல. தானா நின்னுகினு கீது."

தொண்ணூறுகளின் நடுவில் இந்த வீடு நிற்பதே ஆச்சரியமாகத்தான் இருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்றது, மழை கூரையைத் தின்றது. அண்ணனுக்கு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு. எதையும் மூடிய உறையில் விலை கேட்டு, குறைந்த விலைக்காரனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு ஏறக்குறைய மதம். அப்படித்தான் மாடித் தளத்தைத் தங்கவேலு மேஸ்திரி போட்டார். இரண்டே மழையில் அடுப்புக்கு நேர் மேலே ஒழுகத் தொடங்கியது. நீங்கள் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் குடையுமாகக் குழம்பு கொதிக்கவைத்தீர்கள். அண்ணன் மறுபடி விலை கேட்டார். மறுபடி தங்கவேலுதான் குறைவு. விதிப்படி அவரே வந்தார்.

வருஷத்துக்கு இருபது வீடு பார்க்கிற மனிதர். எந்த வீடு என்று அவருக்கு நினைவில்லை. மாடியேறியதும் தளத்தில் பதித்திருந்த தட்டோட்டைக் காலால் உதைத்தார்.

"எந்த நாதாரி சார் போட்டான் இந்தத் தளத்த? தண்ணி ஓட வாட்டமே கெடையாது. ஓட்ட அள்ளிக் கொட்டிகினு போயிருக்கான். இவன்லாம் கரண்டி புடிக்கலன்னு யாரு அழுதா?"

அண்ணன் நோட்டில் 'முந்தைய வேலை: தரமற்றது' என்று குறித்துக்கொண்டார்.

மேஸ்திரிக்குப் பின்னால் சட்டியோடு நின்ற சித்தாள்தான் வாயைத் திறந்தாள். லூர்து. அதுவரை அவள் பெயர் நமக்குத் தெரியாது.

"நாமதான் மேஸ்திரி போட்டோம். முந்தா வருசம் பொங்கலு கழிச்சி வந்தமே. தோ, அந்த முருங்க மரத்துலதான் சட்டைய மாட்னியே."

தங்கவேலு திரும்பிப் பார்த்தார். முருங்கை மரம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

"உன்ன யாராச்சும் கேட்டாங்களா? நாளைக்கி வேலைக்கு வராத."

"எந்த வேலைக்கு?"

"எந்த வேலைக்கும்."

நீங்கள் காபித் தட்டோடு மாடிப்படியில் நின்றிருந்தீர்கள். தட்டில் மூன்று டம்ளர். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவதை மேஸ்திரி கை நீட்டி எடுக்கப்போன நேரத்தில் தட்டை லூர்து பக்கம் திருப்பினீர்கள். நாம் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளர். அதைப் பக்கத்து மாடிகளிலிருந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது சாயங்காலம் தெரிந்தது.

"இன்னாத்துக்கு ஒழுவுது?" என்று அவளிடம் கேட்டீர்கள்.

"செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி மூணு நாளு கட்டையால அடிக்கணும்மா. அடிக்கிறது நாங்கதான், பொம்பளைங்க. எங்க கைக்குத் தெரியும், எது கட்டிகிச்சி எது கட்டலன்னு. இவுரு மொத நாளே ஓட்ட வெச்சிடுவாரு. கேட்டா, சித்தாளு நீ வாய மூடுன்னுவாரு."

"ஓடு பதிக்கத் தெரியுமா உனக்கு?"

"பதினெட்டு வருசமா பாத்துகினு கீறேன். கரண்டிய எவன் குடுத்தான்?"

அன்று மத்தியானம் சாப்பாட்டில் அண்ணனிடம் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தளத்துக்கு ஆளு பாத்துட்டேன்."

"விலைப்புள்ளி எங்கே?"

"வாயால சொன்னா."

"அவ சித்தாள்டீ."

"காலைல வரைக்கும்."

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போனீர்கள், கொத்தனார் கரண்டி வாங்க. அங்கே கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த நானும் மத்தியான இடைவேளையில் வந்து சேர்ந்துகொண்டேன். ஹார்டுவேர் கடைக்காரர், "யாருக்கும்மா? கைக்கு ஏத்த மாதிரி இருக்கணும், அவுர கூட்டிகினு வாங்க" என்றார். "எதிர்லயே நிக்கிது பாருங்க" என்றீர்கள். கடைக்காரர் லூர்துவைத் தாண்டித் தெருவைப் பார்த்தார்.

தங்கவேலு சும்மா இருக்கவில்லை. வாசலில் வந்து நின்று தெருவே கேட்கச் சொன்னார்: "பொம்பள கரண்டி புடிச்ச வூட்டுல நாளைக்கி ஒரு ஆணி அடிக்க ஆளு வராது, சொல்லிட்டேன்."

"ஆணி நானே அடிச்சிக்கிறேன் மேஸ்திரி. உனக்கு வேணும்னா சொல்லு, உன் வூட்டுக்கும் வந்து அடிச்சி தரேன்" என்றீர்கள்.

தெரு நலச் சங்கம் அவசரமாகக் கூடியது. பெண் மேஸ்திரி என்பது நடைமுறைக்கு விரோதம், மற்ற மேஸ்திரிகள் மொத்தத் தெருவையும் ஒதுக்கிவிடுவார்கள், கண்ட கண்ட ஆட்கள் மாடியேறினால் பாதுகாப்பு என்ன என்று பேசினார்கள். லூர்து எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறாள் என்பதை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. 'அந்தப் பக்கம்' என்று கையை மட்டும் காட்டினார்கள். படித்தவர்கள் தெரு, நாசூக்கு இருந்தது. வேலையை நிறுத்தும்படி உங்களுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பத் தீர்மானம் ஆயிற்று. நல்ல தமிழ் எழுதுவேன் என்பதற்காக அப்போதும் நான்தான் செயலாளர். நானே எழுதி, நானே கையெழுத்திட்டு, நானே கொண்டுவந்து, சமையலறை வாசலில் உங்களிடம் கொடுத்தேன். முழுதும் படித்தீர்கள். "எழுத்து நல்லாகீது தம்பி" என்றீர்கள். அதன் பின்பக்கத்தில் 'உளுந்து அரைக் கிலோ, கடுகு, தீப்பெட்டி' என்று எழுதி என்னிடமே திருப்பித் தந்தீர்கள். வாங்கி வந்தேன்.

தளம் ஒழுகினால் நமக்கு மறுபடி ஒரு குடை. லூர்துவுக்கு அப்படியில்லை. அதற்குப் பிறகு எந்த மேஸ்திரியும் அவளைச் சட்டி தூக்கக்கூடச் சேர்க்கமாட்டான். புருஷன் இல்லை. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். இதை அவளே உங்களிடம் சொன்னாள், கெஞ்சலாக அல்ல, சிமெண்டுக்கு எவ்வளவு மணல் என்று சொல்கிற குரலில். "தப்பாச்சின்னா எனக்கு ஊரே இல்லம்மா." நீங்கள், "எனக்கு மட்டும் இருக்குமா?" என்றீர்கள்.

அவள் மூன்று பெண்களைக் கூட்டி வந்தாள். மூன்று நாள் அடித்தார்கள். கீழே அண்ணனின் கண்ணாடி மேஜையிலிருந்து தானாக நகர்ந்து விழுந்தது. நான்காம் நாள் அவள் ஓட்டைத் தொட்டாள். அத்தனை நாளும் நீங்கள் தண்ணீர்த் தொட்டி நிழலில் வாரப் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. அடுப்படி காய்ந்து கிடந்தது, ஹால் காய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் காலை, மாடிப்படி மூலையில் ஒரு ஈரத் திட்டு தெரிந்தது. பத்து மணிக்குச் சொட்டியது. செய்தி மழையைவிட வேகமாகப் போனது. சங்கத் தலைவர், பொருளாளர், எதிர் வீட்டுக்காரர் எல்லோரும் குடையோடு வந்து, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு மேலே பார்த்தார்கள். தங்கவேலு மேஸ்திரியும் வந்தார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று விசாரிக்கவில்லை.

லூர்து தலையில் உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தாள். நேராக மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்தோம். யாரையாவது திட்டுவாள் என்று நானும் எதிர்பார்த்தேன். சிமெண்டைச் சொல்லலாம், மழையைச் சொல்லலாம், சுவர் கட்டியவனைச் சொல்லலாம்.

"நான் போட்டதுதாம்மா. கைப்பிடிச் சுவருகிட்ட அந்த மூலைல அவசரப்பட்டுட்டேன். மழ விட்டதும் ஒடச்சிட்டுத் திருப்பிப் போடுறேன். நாலு ஓடுதான்."

அண்ணன் பேனாவைத் தூக்கியபடி நின்றார். இந்த வாக்கியத்தை எழுத அவர் நோட்டில் எந்தக் கட்டமும் இல்லை. நீங்கள்தான் பேசினீர்கள், அவளிடம் அல்ல. "கேட்டியா மேஸ்திரி? இந்த ஒரு வார்த்தைய நீ சொல்லியிருந்தா கரண்டி உன் கையிலயே இருந்திருக்கும்." தலைவர் குடையை விரித்துக்கொண்டார்.

நாலு ஓடு மாற்றினாள். அதன் பிறகு இத்தனை மழைக்காலம் ஆயிற்று. எங்கேயும் ஈரம் இல்லை. எதிர் வீட்டுக்காரர் அடுத்த கோடையில் கொல்லை வழியாக வந்து அவள் விலாசம் கேட்டார். முன்வாசல் வழியாக வந்து கேட்டால் தருவதாகச் சொல்லி அனுப்பினீர்கள். சுற்றிக்கொண்டு வந்தார்.

போன ஆவணியில் நீங்கள் போனபோது லூர்து கேளம்பாக்கத்திலிருந்து வந்தாள். இப்போது அங்கே கட்டுகிற அடுக்குமாடிகளுக்கெல்லாம் அவள்தான் தளம். பெரிதாக அழவில்லை. உங்கள் காலடியில் சற்று நின்றாள், பிறகு மாடிக்குப் போய் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லாகீது" என்று அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் அப்போதுதான் முதல்முறையாகக் குரல் விட்டு அழுதார்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. இந்த வீட்டுக்குள் கருவியோடு வருகிற எவரையும் நான் கேட்கிறேன்: "நீங்க பண்ணி கெட்டுப்போன வேலை ஒண்ணு சொல்லுங்க." பெரும்பாலோர் கோபப்பட்டுப் போய்விடுகிறார்கள். அண்ணன் அதற்குத் தன் பட்டியலில் தனியாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். அது அநேகமாகக் காலியாக இருக்கும். கேள்வியை மற்றவர்களிடம் கேட்பவன் பதிலும் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த நோட்டீஸ் நான் எழுதியதுதான், அண்ணி. யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

ஆகவே இந்த மாதம் சங்கம் தெருவுக்கான வேலையாட்கள் பட்டியலை அச்சிடக் கூடியபோது, 'கொத்தனார்' என்ற தலைப்பின் கீழ் முதல் பெயராக லூர்து என்று எழுதினேன். தலைவர் அதை அடித்து, 'சித்தாள்' என்பதற்குக் கீழே மாற்றினார். நான் பழையபடி எழுதினேன். அவர் மறுபடி அடித்தார். "அவங்கள எப்படி சார் மேஸ்திரின்னு போடுறது? தெருவுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?" என்றார். மேஸ்திரியை மேஸ்திரி என்று எழுதத் தெரியாத தெருவுக்கு என்ன மரியாதை என்று கேட்டேன். எத்தனை முறை அடித்தாலும் அத்தனை முறை எழுதுவேன், என்னை நீக்க வேண்டுமானால் நீக்கிக்கொள்ளுங்கள், நோட்டீஸை மட்டும் வேறு ஆளை வைத்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு நானே போனேன். முதல் பெயராகவே வந்திருக்கிறது. வீட்டுக்கு ஒன்று கொடுத்தாயிற்று.

நேற்று தலைவர் அந்தப் பட்டியலைப் பார்த்து லூர்துவுக்கு போன் செய்திருக்கிறார். தை முடியும்வரை தேதி இல்லை என்று சொல்லிவிட்டாள். அவர் தன் ஹாலில் சோபாவை ஒழுகாத எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறார்.