டீயா, காபியா?

என் வீட்டுக்காரருக்கு,

பக்கத்து ரூம்ல இருக்கிறவருக்கு எதுக்குக் கடிதம்னு சிரிக்காதீங்க. நேர்ல பேசினா சண்டை போட்டுடுவேன்.

உங்க வீடியோ கம்பெனி நம்ம சமையல்கட்டுலதான் பிறந்துச்சு. போன் முன்னாடி லைவ்ல நின்னு, ரெண்டு விரலைக் காட்டி, "நீலச் சட்டையா, வெள்ளைச் சட்டையா?"ன்னு கேட்டீங்க. பார்க்கிறவங்க எந்தப் பட்டனை அழுத்துறாங்களோ அதுபடி நடப்பீங்க. அன்னைக்குப் பார்த்தது நான் ஒருத்திதான். வெள்ளைன்னு அழுத்தினேன்.

அப்புறம் பத்து லட்சம் பேர் வந்தாங்க. நாம எந்த வீட்டுக்குக் குடிபோறதுன்னுகூட அவங்களைத்தான் கேட்டீங்க. நானும் வேற பேர்ல வந்து அழுத்தினேன். ஒரு தடவைகூட ஜெயிக்கல. பத்து லட்சம் சக்களத்திங்க எனக்கு!

போன மாசம் அத்தனை பேரும் வேற ஆப்புக்கு ஓடிட்டாங்க. ஆபீஸைக் காலி பண்ணிட்டு, பெயர்ப் பலகையும் கையுமா நீங்க வாசல்ல நின்னப்ப, அழற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டேன். உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

இன்னைக்குக் காலையில என்கிட்ட, "டீயா, காபியா?"ன்னு கேட்டீங்க. கம்பெனி ஆரம்பிச்ச இந்த மூணு வருஷத்துல என்னை நேரா கேட்டது இதுதான் முதல் தடவை. ரெண்டு விரலும் தூக்கியிருந்துச்சு. கண்ணு மட்டும் என் தலைக்கு மேல, கேமரா இருக்கிற உயரத்துலயே நின்னுச்சு. ஓடிப்போனவங்களையே இன்னும் தேடுறீங்க! அதான் பதில் சொல்லாம எழுந்து வந்துட்டேன்.

கொஞ்சம் கீழே பார்த்துக் கேளுங்க. காபி.

இப்படிக்கு,
உங்களை முதன்முதலா பார்த்தவள்