எலி தின்ற அத்தியாயம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நான் பிழைக்க வந்த இந்த நாட்டின் நாவல் என்று நீங்கள் கொடுத்தனுப்பியதைத் தமிழில் படித்துத்தான் இங்குள்ள மனிதர்களைத் தெரிந்துகொண்டேன். அதில் பிழைக்க வந்தவளை வீட்டுக்காரம்மா மகளாகவே பார்த்துக்கொள்கிறாள். அதை நம்பி, காய்ச்சலோடு எங்கள் வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டி வெந்நீர் கேட்டேன். மறுநாளே அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது எங்கள் தையல் கம்பெனியில் துணி வெட்டும் ஒரு தமிழ் அக்காவோடு தங்கியிருக்கிறேன். கவலைப்படாதீர்கள்.

அக்கா இங்கேயே பள்ளியில் படித்தவள்; அந்த நாவலை இந்த நாட்டு மொழியிலேயே படித்திருக்கிறாள். “அந்தக் கதையில கடைசியில அவளையும் நோயோட வெளிய தள்ளிடுவாங்களே, நீ படிக்கலையா?” என்று கேட்டாள்.

கடைசி அத்தியாயத்தை எலி தின்றுவிட்டது என்றீர்களே, அப்பா. பிரித்துப் பார்த்தேன். எந்த எலி அளவுகோல் வைத்துத் தின்னும்? வீட்டுக்காரம்மா மேல் எனக்குக் கோபமில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது நீங்கள்தான்.

ஒரு போர்வையும் தைலமும் அனுப்புங்கள். கிழித்த பக்கங்களை எறிய உங்களுக்கு மனசு வந்திருக்காது. அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். தமிழில் படித்தால்தான் நம்புவேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்